உபரி விதைகள்

ஸ்லோவேனிய மலையூரில்
தேன்பெட்டிப் பலகை ஓவியப் போட்டி.
ஆளுக்கொரு வெள்ளை அவரைவிதை;
பிடித்த ஓவியத்தின் ஜாடியில் போடலாம்.

வந்தவர் நூற்றுப் பன்னிரண்டு.
நெஷ்கா எண்ணினாள், மறுபடி எண்ணினாள்:
நூற்று நாற்பத்து மூன்று.

விளக்கருகே ஒவ்வொன்றாய்ப் புரட்டினாள்.
முப்பத்தொன்றின் தொப்புளில் மட்டும்
மெல்லிய ஊதா வளையம்.
எல்லாம் யெர்னேயின் ஜாடியில்,
தேனீக்கள் பாதிரியாருக்கு முடிவெட்டும் படம்.

கள்ள ஓட்டு விழுந்த ஓவியம் வெளியே.
விதி அவள் எழுதியதுதான்.
யெர்னே தொப்பியைக் கசக்கிக்கொண்டு நின்றான்.

ஊதா வளையம் விளைவது
வின்கோவின் தோட்டத்தில்.
வின்கோ, இரண்டாம் இடத்துக்காரர்.

தோற்கடிக்கவும் ஓட்டுப் போடலாம் என்பது
அவளுக்குத் தோன்றியதே இல்லை.

விதியை அடித்துத் திருத்தி எழுத
நேரமாயிற்று.
அதற்குள் முப்பத்தொன்றும் வெந்திருந்தன.
முதல் கிண்ணம் வின்கோவுக்கு.

"உப்பு போதுமா?"

கிண்ணத்தைப் பார்த்தபடியே சொன்னார்:
"போதும்."