முழங்கை நீளம்

வலங்கைமானில், சம்பா அறுத்த வயலில்
கொட்டகை போட்டோம். தாள்கட்டை காலில் குத்தும்.
தரை ஒன்றரை அணா. காசில்லாதவர்கள்
முந்தியில் நெல் முடிந்து வந்தார்கள்,
முதலாளி அதையும் அளந்து வாங்கிக்கொண்டார்.

படத்தில் ஒரு புலவன். முப்பத்தெட்டுப் பாட்டு.
பசித்தால் பாடுவான், காதலித்தால் பாடுவான்,
விலங்கு பூட்ட வந்தவன் சாவி தேடும்வரை
நின்று ஒரு விருத்தம் பாடுவான்.
எழுதுவதை மட்டும் காட்டவே மாட்டார்கள்.
ஓலை உண்டு, எழுத்தாணி உண்டு,
இரண்டும் கூப்பிய கைக்குள் சும்மா இருக்கும்.

என்னிடம் ஒரே மிஷின்.
சுருளுக்கு ஓர் இடைவேளை.
மூன்றாவதில் கார்பன் குச்சி மாற்றிக்கொண்டிருந்தேன்,
வாசலில் ஒருவர்,
வேட்டியில் முழங்கால்வரை ஆற்றின் ஈரம்.
கிழித்த டிக்கெட்டின் பாதியை
ஓலைநறுக்குப்போல் நீட்டினார்.
"தாசுதீன் பாய்தானே? நான் ஆவூர் பசுபதி.
இந்தப் படத்துக்குப் பாட்டு எழுதினவன்."

டைட்டிலில் அந்தப் பெயர் இல்லை.
தினம் இரண்டு காட்சி, பதினோரு நாள்,
எனக்குத் தெரியாமல் ஒரு பெயர் ஓடிவிடாது.
தையல்காரர் பெயர்கூட உண்டு.
"பாட்டுக்கு மூணு ரூபா," என்றார்.
"விருத்தத்துக்குக் கிடையாது. அது கொசுறு."

அவர் வந்தது அதற்கல்ல.
"செயில் காட்சியில ஒரு சொல் விழுந்திருக்கு பாய்.
'வா மழையே'ன்னு வரணும்.
வாங்கிறான், அதுக்குள்ள சனங்க நனையுது."

உண்மை. திருத்துறைப்பூண்டியில் பல்சக்கரம் கடித்து
ஒரு முழங்கை நீளம் நார்நாராய்ப் போனது.
வெட்டினேன், ஒட்டினேன். ஒரு விநாடி.
ஒரு விநாடியில் ஒரு சொல் குடியிருக்கும் என்று
எனக்கு யாரும் சொன்னதில்லை.

"முழுசா இருந்த ஊர்ல மட்டும் என்ன வாழ்ந்துது,"
அவரே சொல்லிக்கொண்டார்.
"கும்மோணத்துல கேட்டேன். மளைங்கிறான் ராஜபார்ட்டு.
மளை!"
என் ஜகரத்தைச் சகரமாக்கிய மனிதர்
தன் ழகரத்துக்காக ஆறு கடந்து வந்திருந்தார்.

டப்பாவின் அடியில் அந்தத் துண்டு கிடந்தது.
பெட்ரோமாக்ஸ் பக்கம் தூக்கிப் பார்த்தார்.
இருபத்துநாலு புலவர்கள், ஒருவர் தலைமேல் ஒருவர்,
எல்லோருக்கும் வாய் திறந்தபடி.
ஓரத்தில் ரம்பப்பல் போல ஒரு வெள்ளைக் கோடு.
"அதுதான் ஒலி," என்றேன். "உங்க பாட்டு."
நகத்தால் தடவிக்கொண்டே இருந்தார்.
"இதுல ழ எது?"

நான் சொல்லாமல் இருந்திருக்கலாம்.
மிஷினில் ஒலி படிக்கும் கண் கீழே இருக்கிறது,
ஆகவே சொல் ஓரிடம், வாய் இருபது கட்டம் தள்ளி.
கோட்டில் இருப்பது மழைதான்.
இந்த வாய்கள் சொல்வது வேறு.
மழை என்ற வாய்கள் இன்னும் சுருளில் ஓடுகின்றன,
பக்கத்துச் சொல்லின் சத்தத்தோடு.

ஒன்றும் பேசவில்லை. பீடி எடுத்தார்.
தீக்குச்சி உரசிய கையைப் பாய்ந்து பிடித்தேன்.
"எரியுமா?"
"வைக்கோல்போர் தோத்துடும். கொட்டகையே போயிடும்."
குச்சியை எச்சில் விரலால் நசுக்கினார்.
"அட," என்றார்.
வந்ததிலிருந்து அப்போதுதான்
முகத்தில் ஒரு சந்தோஷம்.

துண்டைச் சுருட்டி, வெற்றிலைப் பொட்டலம்போல
இடுப்பில் செருகிக்கொண்டு இறங்கிப் போனார்.
வெளியே சீட்டி. "ஏய் ஆப்பரேட்டர்!"
விளக்கை ஏற்றினேன்.

சிறை. புலவன். தம்புரா எங்கிருந்தோ.
ஒட்டு வந்தது, டக்.
குந்தியிருந்தவன் கண்மூடித் திறப்பதற்குள்
நிற்கிறான், மழை கொட்டுகிறது.
பெண்கள் பக்கம் கைதட்டல்.
அது படத்தில் உள்ள அற்புதம் என்று
நாலு ஊராக நினைத்துவிட்டார்கள்.

மிஷின் துவாரம் வழியே பார்த்தேன்.
தரையில், மணலைக் குவித்து உட்கார்ந்திருந்த ஒருவர்
கைதட்டவில்லை.
வாய் மட்டும் அசைந்தது, ஒரு தரம்.
நாக்கு மடிந்ததா என்று
அவ்வளவு தூரத்தில் தெரியவில்லை.