பெருமாள்மலை நிறுத்தம்

வாய்மொழித் தேர்வில்
மதுரையிலிருந்து வந்திருந்த புறத்தேர்வாளர்
கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே கேட்டார்:
"இருபால் ஈர்ப்பு என்கிறீர்களே,
இது ஓர் ஊரா அம்மா,
இல்லை, வேறெங்கோ போகிறவர்கள்
வழியில் இறங்கி நிற்கிற இடமா?"

ஜன்னலுக்கு வெளியே மூடுபனி
கொடைக்கானல் ஏரியைத் தின்றுகொண்டிருந்தது.

நான் பெருமாள்மலைக்காரி.
வத்தலக்குண்டிலிருந்து ஏறிவரும் பேருந்துகள்
எங்கள் ஊரில் பத்து நிமிடம் நிற்கும்.
டீ, மிளகாய் பஜ்ஜி,
வாந்தியெடுத்த பிள்ளைக்கு ஒரு சோடா.
"கொடை வந்திருச்சா?" என்பார்கள்.
"இன்னும் ஒண்ணும் வரல" என்பார் கண்டக்டர்
எங்கள் வீட்டு வாசலில் நின்றுகொண்டே.
ரேஷன் கடை உண்டு எங்களுக்கு.
வாக்குச்சாவடி உண்டு. கல்லறைத் தோட்டம் உண்டு.
பத்து நிமிடத்துக்காக
யாரும் கல்லறை கட்டுவதில்லை.

இதைச் சொல்லவில்லை.
சொன்னது: பக்கம் நூற்று நாற்பத்திரண்டு, அட்டவணை ஆறு.

பதினொரு பேர், ஐந்து வருடம்.
பூம்பாறையில் பூண்டு காயப்போட்டபடி பேசிய ஆரோக்கியராணி.
மனைவியையும் அந்த லாரிக்காரரையும்
ஒரே மூச்சில் சொல்லிவிட்டு
பீடி பற்றவைத்த செல்லத்துரை.
பேரி மரத்துக்கு ஒட்டுக்கட்டுகிறவர் அவர்.
"ஒட்டுச்செடி மாதிரின்னு எழுதட்டாண்ணே?"
"எழுதாதீங்க. அது வெட்டிக் கட்டுறது.
இது முளைச்சது."

முதல் வருடம் நூலகத்தில் எங்களுக்கு அலமாரி இல்லை.
வந்த இரண்டு நூல்களைக்
குடும்பவியலில் வைத்தார்கள், பிறகு மனநோயில்,
ஒரு மழைக்காலம் முழுக்க விலங்கியலில்.
ஆணை நேசிக்கும் ஆணைப் பற்றிய புத்தகத்தில்
ஓர் அடிக்குறிப்பு.
பெண்ணை நேசிக்கும் பெண்ணைப் பற்றியதில்
ஒரு "முதலியோர்".
அந்த முதலியோரில்தான் தொடங்கினேன்.

"நீ ஆய்வாளரா, தரவா?" என்றார் நெறியாளர்.
"ரெண்டும்தான் மேடம்."

சொல்லுக்கு அலைந்தபோது தமிழ் சிரித்தது.
பால் என்றால் பிரிவு.
அவன்பால், அவள்பால் என்னும்போது திசை.
இரு என்றால் இரண்டு.
புறப்படும் பேருந்தைப் பார்த்து
யாராவது கத்தினால்,
இரு என்றால் போகாதே.

தேர்வாளர் எழுதினார்:
"மாதிரி அளவு சிறிது. மேலும் ஆய்வு தேவை."
குறையாகத்தான் எழுதினார்.
அந்த இரண்டாம் வாக்கியத்தை மட்டும்
நகலெடுத்து வைத்திருக்கிறேன்.

பட்டம் வந்தது. வேலை இன்னும் வரவில்லை.

போன செவ்வாய் நூலகர் கூப்பிட்டுச் சொன்னார்:
"பண்ணைக்காட்டுப் பொண்ணு ஒண்ணு
உங்க புத்தகத்தை மூணு தடவை எடுத்திருக்கு."
பேரேட்டில் கையெழுத்து புரியவில்லை.
ஆய்வேட்டைத் திறந்தேன்.
நூற்று நாற்பத்திரண்டாம் பக்க ஓரத்தில்
பென்சில், அழுத்தி:
"தப்பு. நாங்கள் இப்படிச் சொல்வதில்லை."

நாங்கள்.

நூலகர் ரப்பரை நீட்டினார்.
வேண்டாம் என்றேன்.
கடைசிப் பேருந்தைப் பிடித்து
எங்கள் ஊரில் இறங்கினேன்.