பதின்மூன்றாம் மிதவை

விடியுமுன் பதினைந்து மிதவைகளை
ஒரே இடத்தில் இறக்கினாள் எலியானா ரோசாஸ்.
ஒன்றுக்கொன்று ஒரு முழ இடைவெளி.
சிலோயே தீவுக்கும் பெருநிலத்துக்கும் நடுவே
மழை பெய்துகொண்டிருந்தது.
அங்கே அது செய்தியல்ல.

ஆற்று நீர் மேலே, உப்பு நீர் கீழே.
சண்டையிட்ட இரவில்
ஒரே படுக்கையில் முதுகு காட்டிக் கிடப்பவர்கள்போல.

மாலைக்குள் முழம் மைலாயிற்று.
நான்கு தெற்கே போயின.
ஆறு, ஒரு சுழிக்குள் புகுந்து
வெளியேற வழி கேட்காமல் சுற்றின.
மற்ற நான்கும்
யாரோ கோடு கிழித்ததுபோல் ஓரிடம்வரை வந்து
தாண்டாமல் ஓரமாகவே நகர்ந்தன.

அந்தக் கோட்டைத்தான்
எட்டு வருடமாகத் தேடுகிறாள்.
நீருக்குள் நீர் போட்ட வேலி.
சில நாள் நுரை காட்டிக்கொடுக்கும்.
சில நாள் அதுவும் இல்லை.

பதின்மூன்றாவது மட்டும்
மணிக்கு நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் கரையேறி,
கடலில் கால் ஊன்றிய மரவீடுகளைத் தாண்டி,
தேவாலயத்தைச் சுற்றி,
ஒரு மேட்டில் போய் நின்றது.
அப்படியொரு நீரோட்டம்
அவள் சமன்பாட்டில் கிடையாது.

திங்கட்கிழமை போனாள்.
டெல்மிரோ நாவெல்கின் வீட்டு விறகடுப்புக்கு மேலே
தொங்கியது மிதவை.
அதன் சட்டத்தில் காலுறைகள் காய்ந்தன.
"கயிற்றில் மாட்டியிருந்தது.
யாருடையதோ, எழுத்து அழிந்துவிட்டது" என்றான்.
எழுத்து அழியவில்லை.
இருவரும் அதைப் பார்த்தார்கள்.

பிறகு அவன் கேட்டான்:
"தெற்கே சிவப்பு நீர் வந்திருக்காமே.
என் சிப்பிக் கயிறுவரை வருமா?"
நூற்றிருபது கயிறு அவனுக்கு.

கலக்குவது வேறு, கலப்பது வேறு.
கடல் கலக்கும்போது
சிவப்பு இழையாகிறது,
இழை நீள்கிறது, மடிகிறது, நூலினும் மெலிகிறது,
அப்போதும் அது சிவப்புதான், அதே நஞ்சுதான்.
கலந்து கரைவதற்கு இன்னும் நாளாகும்.
அந்த இடைப்பட்ட நாட்களில்தான்
அவன் கயிறுகள் தொங்குகின்றன.

இதையெல்லாம் அவள் சொல்லவில்லை.
"நடுவில் ஒரு வேலி இருக்கிறது" என்றாள்.
"ஓதம் மாறினால் அதுவும் நகரும்."
"எந்தப் பக்கம்?"
"அது தெரியத்தான்
இந்த மிதவை கடலில் இருந்திருக்க வேண்டும்."

அவன் எழுந்து
காலுறைகளை ஒவ்வொன்றாக எடுத்தான்.

செவ்வாய், காலை ஐந்தரை.
காஸ்த்ரோ நகர அறையில், திரையில்,
அந்தப் புள்ளி மேட்டைவிட்டு இறங்கியது.
தேவாலயம். துறை.
அரைமணி நேரம் எஞ்சின் வேகம்.
அப்புறம் வேகம் விழுந்து
நீரின் நடை.

எலியானா கோட்டைக்கூடக் கழற்றாமல்
நாற்காலியை இழுத்துப்போட்டாள்.
புள்ளி நின்ற இடத்திலேயே
ஒருமுறை தன்னைச் சுற்றிக்கொண்டது.
வடக்கே அவன் கயிறுகள்.
அது இன்னும் முடிவெடுக்கவில்லை.