பழகுநர்

ஆரம்பாக்கத்தில் ஏறினால்
தடா வருவதற்குள் கடைப் பலகைகளில் தமிழ் தீர்ந்துவிடும்.
கம்பெனி பஸ் இதையெல்லாம் கவனிப்பதில்லை.
ஐந்தே முக்காலுக்கு எங்களைக் கொட்டிவிட்டுப் போய்விடும்.

மூன்றாம் லைனில் சார்ஜருக்கு மூடி பொருத்துவேன்.
மணிக்கு நானூற்று இருபது.
எண்ணிக்கை குறைந்தால் எல்லாருக்கும் விழும் அதே திட்டு.
விரல் நசுங்கிய அன்று மட்டும்
பதிவேட்டில் 'பயிற்சிப் பெண்' என்று எழுதினார்கள்.

ஒப்பந்தம் பன்னிரண்டு மாதம்.
ஏழாவதில் லைனையே மூடினார்கள்.

கேட்டுக்கு வெளியே பெர்மனென்ட் ஆட்கள் பந்தல் போட்டு
நோட்டீஸ், நஷ்டஈடு, சர்வீஸ் வருஷம் என்று
கணக்குப் பேசிக்கொண்டிருந்தார்கள்.
நான் போய் நின்றபோது
ஒருவர் நகர்ந்து நிழலில் இடம் கொடுத்தார்.
பட்டியலில் இடம் கொடுக்க அவரால் ஆகாது.

எச்ஆர் அறையில் சுதாகர ராவ் நல்ல தமிழில் சொன்னார்:
"சட்டப்படி நீ வொர்க்கர் இல்லம்மா. கத்துக்க வந்தவ."
பொய் என்றால் சண்டை போட்டிருப்பேன்.

தொழில் பழகுநர் என்று எனக்குத் தமிழில் ஒரு பெயர்.
பழகப் பழகப் பாலும் புளிக்கும், சரி,
ஏழு மாதத்திலா?

ஆறு பக்க ஒப்பந்தம், முழுக்க இங்கிலீஷ்.
தடா நிறுத்தத்தில்
வடக்கே போகும் தன் பஸ்ஸையும்
தெற்கே போகும் என் பஸ்ஸையும் விட்டுவிட்டு
சூளூர்பேட்டை சிரீஷா வரிவரியாக வாசித்தாள்.
முடிந்தபின் வேலை தருவதாக எங்கும் இல்லை.
நாலாம் பக்கத்தில், பொடி எழுத்தில்,
கம்பெனி சொன்னபடி நடக்காமல் ஒப்பந்தம் முறிந்தால்
ஈடு கொடுக்க வேண்டும் என்று இருந்தது.
"மள்ளி சதுவு" என்றேன்.
மறுபடி வாசித்தாள். அப்போதும் இருந்தது.

மனுவைத் தெலுங்கில் அவள் எழுதினாள்.
கையெழுத்து தமிழில்: மு. அங்காளீஸ்வரி.
ஆபீஸ் குமாஸ்தா தாளைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்து
"ஏம் பேரு?" என்றார்.
சொன்னேன்.
ரசீதில் எழுதும்போது 'ஈஸ்வரி'க்கு இடம் போதாமல்
ஓரத்தில் மேல்நோக்கி ஏறினாள்.
சீல் விழுந்தது. மை இன்னும் ஈரம்.

வெளியே வந்து சிரீஷா சிரித்தாள்.
பழைய அச்சு ரசீதாம்.
என் பெயர் ஏறியிருக்கும் கோட்டின் முன்னால்
'தொழிலாளி பெயர்' என்று இருக்கிறதாம்.

திரும்பிப் போய்
திருத்தச் சொல்லவில்லை நான்.