ஐந்து ரூபாய்ப் பசை

நைட் ஷிப்ட் இல்லாத நாட்களில்
நான் ஈ கட்டுகிறேன்.
சிரிக்க வேண்டாம்.
நெல்மணி அளவு தூண்டில்முள், தையல்நூல்,
ஹார்விபட்டி கறிக்கடையில் கேட்டு வாங்கிய
செஞ்சேவலின் கழுத்து இறகு
("சூப்புக்கு இது ஆகாதுண்ணே").
முள்ளைப் பிடிக்கக் குறடு,
குறடு வாய் திறக்காதிருக்க ரப்பர் பேண்ட்.

கடைசி முடிச்சில் ஒரு சொட்டுப் பசை வேண்டும்.
வம்பு அங்கேதான்.

முதலில் பெவிகால்.
வெள்ளையாகப் போய்க் கண்ணாடியாகக் காய்ந்து
நல்ல பிள்ளையாகத்தான் இருந்தது.
நிலையூர்க் கண்மாயில் இருபது வீச்சு தாங்கியது.
இருபத்தொன்றில் திரும்பவும் பாலாகி
நூல் ஒரு பக்கம் இறகு ஒரு பக்கம்,
முள் மட்டும் அம்மணமாக
என்னிடம் வந்து சேர்ந்தது.

பிறகு மரியபுஷ்பத்தின் நகப்பூச்சு.
இரண்டு கோட், நடுவில் டீ குடிக்கிற நேரம்.
ஈயின் தலை அரக்குச் சிவப்பு.
"கல்யாணத்துக்குக் கிளம்புன மாதிரி இருக்கு"
என்றாள் அவள்.
மீன்களுக்கும் அப்படித்தான் பட்டிருக்கும்.
பத்திரிகை வைக்காத வீட்டுக்கு
யார் வருவார்கள்?

சிக்கந்தர் சைக்கிள் கடையில்
பஞ்சர் சொல்யூஷன் ஓசியில் கிடைத்தது.
வளையும், உடையாது. சரிதான்.
மறுநாள் இட்லியில் டியூப் வாசம்.

சனிக்கிழமை ராத்திரி பெவிக்விக்.
மூக்கில் குண்டூசி ஏறியதும்
சொட்டு எனக்காகக் காத்திருக்கவில்லை.
முடிச்சில் விழுந்து
நூல்வழியே இறகுக்குள் ஏறி,
தண்ணீரில் மூச்சுவிட வேண்டிய இழைகள்
விளக்குமாற்றுக் குச்சிகளாக நின்றன.
மிச்சப் பசை என் கட்டைவிரலையும்
ஆட்காட்டி விரலையும்
ஒரே விரலாக்கியது.

வெந்நீர். நல்லெண்ணெய்.
பாலிஷ் ரிமூவர்.
மரியபுஷ்பத்தின் வசவு.
பிரிந்தது என்னவோ வசவில்தான்.

திங்கட்கிழமை ரேஷன் கடை.
"விரலை வைங்க."
"தொடச்சுட்டு வைங்க."
"அந்தக் கை."
அந்தக் கையிலும் பசை.
நான் நானில்லை என்று
மூன்று தடவை சொன்னது மெஷின்.
வரிசை முனகியது.
"சிமெண்ட் வேலையாண்ணே?" என்றார் எடை போடுகிறவர்.
ஈ கட்டினேன் என்று எப்படிச் சொல்வது.
"ஆமா" என்றேன்.
அரிசிப் பை மடித்தபடியே வீட்டுக்கு வந்தது.

சாயங்காலம் கண்மாய்.
வீணாக்க மனசில்லாமல்
அந்த விளக்குமாற்று ஈயை வீசினேன்.
விழுந்த இடத்தில் நீர் சுளித்தது.
உள்ளங்கை நீளக் கெண்டை ஒன்று
எந்த ரேகையும் கேட்காமல்
அதை ஈ என்று ஒத்துக்கொண்டது.

முள்ளைக் கழற்றி விடும்போது
கட்டைவிரல் ஓரத்தில் உரியத் தொடங்கியது பசை.
பைய இழுத்தேன்.
வெங்காயச் சருகுபோல் முழுசாக வந்தது,
என் சுழிகள் அத்தனையும் தலைகீழாகப் பதிந்து.
தண்ணீரில் போட்டேன்.
மிதந்தது.

ஏதோ ஒரு சின்ன வாய் வந்து
முட்டிப் பார்த்தது,
இன்னொரு முறை முட்டியது,
வேண்டாமென்று போய்விட்டது.