ஏழாம் நம்பர் அன்னம்

செவ்வாய்க்கிழமை படகு கிடையாது.
ஏலகிரியில் பனி விலகும் முன்பே
ஏழு அன்னங்களையும் கரையேற்றி
லாரி டயர்களின் மேல் உட்காரவைத்தாயிற்று.
ஏரியில் மிதக்கும்வரை வெள்ளை.
கிட்டே வந்தால்தான்
கழுத்து மடிப்பில் பாசி, வயிற்றைச் சுற்றி மஞ்சள் வரி.
முதுகைத் தடவினால்
உள்ளங்கையில் சுண்ணாம்பாய் ஒட்டுகிற மாவு,
வெயில் மென்று துப்பியது.

வேலூர் ஆபீசிலிருந்து வந்த பரந்தாமன் சார்
மூன்று பாட்டில் நீட்டினார். கக்கூஸ் கழுவுகிற ஆசிட்.
"ஊத்திட்டு அஞ்சு நிமிஷம் விடும்மா,
பளிச்சுனு ஆயிடும்.
வியாழக்கிழமை பெரிய அதிகாரி வரார்."

மூடி திறக்கும் முன்பே மூக்கு பின்வாங்கியது.
ஆம்பூரில் ஷூ கம்பெனி,
பசை டப்பாவுக்கு முன்னால் பதினோரு வருஷம்.
மத்தியானத்துக்கு மேல் தலை
தனியாக வீட்டுக்குப் போய்விடும்.
உடம்பு மட்டும் ஸ்டூலில் இருந்து
அடிப்பாகம் ஒட்டிக்கொண்டிருக்கும்.

வேணாம் சார் என்றேன்.
பளிச்சென்றுதான் ஆகும், ஒரு மாசத்துக்கு.
அப்புறம் மேல்தோல் வாய் திறந்து
தண்ணி குடிக்க ஆரம்பிக்கும்.
கழுவி விட்டால் அது எங்கே சார் போகும்?
விரால் குஞ்சு மேய்கிற அந்த ஓரத்துக்குத்தானே.
அவர் போனைப் பார்த்தார்.
பாட்டில்கள் இப்போது
பம்ப் ரூமில் மண்வெட்டிக்குப் பின்னால் நிற்கின்றன.

புங்கமர நிழலுக்கு இழுத்தோம்.
சூடான உடம்பில் சோப்பு காய்ந்தால்
அதுவே ஒரு கறை.
துணி நனைத்து, பாத்திரம் விளக்குகிற சோப்பை
நுரை மட்டும் எடுத்து, மேலிருந்து கீழே.
கம்பி நார் பக்கத்திலேயே வரக்கூடாது.
பிறகு தண்ணிப் பேப்பர்: ஆயிரம், அப்புறம் ரெண்டாயிரம்.
ஈரம் விட்டு ஈரம் விட்டு,
கை அழுத்தாமல்.
தீர்த்தகிரி போன தடவை
அவசரத்தில் காய்ந்த பேப்பரால் தேய்த்தான்,
மாஸ்க் தாடைக்குக் கீழே, வாயில் ஹான்ஸ்.
ராத்திரி முழுக்கச் சொறிந்தானாம்.
தூசி இல்லடா அது, கண்ணாடி என்றால்
இப்போது என் வீட்டுக்காரரின்
முழுக்கைச் சட்டையைக் கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்கிறான்.
கழுவிய பால் தண்ணீரைப் பக்கெட்டில் பிடித்து
ஏரிக்கு முதுகு காட்டுகிற குழியில் ஊற்றுகிறான்.
மாஸ்க் மட்டும் இன்னும் தாடையில்தான்.

ஏழாம் நம்பரின் இடது சிறகில்
சாவியால் கீறிய எழுத்து.
ஹரீஷ். சௌம்யா. நடுவில்
இதயம் மாதிரி, வெற்றிலை மாதிரி ஒன்று.
அழிச்சுடு என்று சொல்லிவிட்டுத்தான்
சார் ஜீப்பில் ஏறினார்.

தேய்த்தேன்.
மாவு போனது. மஞ்சள் போனது.
ஹரீஷுக்குக் கால் போனது.
சௌம்யா அசையவில்லை.
விரல் வைத்துப் பார்த்தேன், பள்ளம்
மேல்தோலுக்கு அடிவரை இறங்கியிருந்தது.
இன்னும் கொஞ்சம் விரட்டினால்
உள்ளே இருக்கிற நூல்கள் எட்டிப் பார்க்கும்.
நூல் தெரிந்துவிட்டால்
அப்புறம் அன்னம் இல்லை, ஓட்டை.

எங்கே நிறுத்துவது என்று
எனக்குத் தெரியும்.
ரேஷன் கடையில்
ஒவ்வொரு மாசமும் கட்டைவிரல் வைக்கிறேன்.
மெஷின் யோசிக்கிறது.
"துடைச்சிட்டு வையிம்மா" என்கிறான்.
துடைக்கிறேன். வைக்கிறேன்.
பசையும் தின்னரும் சேர்ந்து
ரேகையை ஆம்பூரிலேயே வாங்கிக்கொண்டன
என்பதை மெஷினுக்கு எப்படிச் சொல்ல.
பின்னால் வரிசை முணுமுணுக்கும்.
கடைசியில் என் மகள் விரலுக்குத்தான்
அரிசி இறங்கும்.

பேப்பரைக் கீழே போட்டேன்.
மெழுகை வட்டம் வட்டமாய்த் தடவி
மங்கும்வரை காத்திருந்து
பழைய பனியனால் துடைத்து எடுத்தேன்.
ஒரு கை தண்ணீர் தெளித்தால்
முத்து முத்தாய் உருண்டு ஓடுகிறது,
சௌம்யாவின் பள்ளத்தில் மட்டும்
கொஞ்சம் தங்கி.
முன்னைவிடத் தெளிவாகத் தெரிகிறாள்.

வியாழக்கிழமை அதிகாரி வந்தால்
ஏழாம் நம்பரை
வலது பக்கம் காட்டி நிறுத்தச் சொல்லியிருக்கிறேன்.
தீர்த்தகிரிக்கு எது வலது என்று
அன்றைக்குத்தான் தெரியும்.