நாலாம் மேடை

எக்ஸ்ரே எடுத்த பெண் கேட்டாள்:
உள்ளே இருப்பது என்ன?
படத்தில் தோள்பட்டைக்குக் கீழே வெள்ளையாக
நெல்லிக்கொட்டை அளவு.
வந்ததின் துண்டா,
வந்ததைத் தடுக்கப் போனதின் துண்டா,
எனக்கெப்படித் தெரியும்?
இரண்டும் மேலே முட்டிக்கொண்டன,
சேர்ந்தே கீழே வந்தன.

வரைபடத்தில் அதற்குப் பெயர் கிடையாது.
நாலாம் மேடை, அவ்வளவுதான்.
ஆறடி ஆழம், முப்பத்திரண்டு எம்எம் கம்பி,
சாணுக்கு ஒரு முடிச்சு.
கான்கிரீட் போடுவது ராத்திரியில்.
சூட்டில் வெடித்துவிடக் கூடாதென்று
கலவைக்கு ஐஸ் கொட்டுவார்கள்.
நமக்கும் ஒரு கட்டி கொடுங்கய்யா என்றால்
வேலூர்க்காரனுக்கு வெயில் புதுசா என்பான் ஃபோர்மேன்.
சிரித்துக்கொள்வோம்.

தண்ணீர்த் தொட்டிக்கு என்றான் ஒருத்தன்.
கிரேன் நிறுத்த என்றான் பேரணாம்பட்டு அனீஸ்.
மூன்றாம் மாதம் வாசலில்
போன்களை வாங்கிவைத்துக்கொண்டார்கள்.
தார்ப்பாய் மூடிய லாரிகள் வந்தன.
மறுநாள் எங்கள் மேடைமேல்
பெட்டி பெட்டியாக எதுவோ
வானத்தைப் பார்த்துச் சாய்ந்திருந்தது.

மெஸ் டிவியில் கோட்டு போட்டவர்கள்
விடியவிடியப் பேசினார்கள்.
அனீஸ்தான் தமிழில் சொன்னான்.
குடை எங்களுடையது, வாடகை நீங்கள் கொடுங்கள்.
நிழல் உங்கள் கப்பலுக்கும்தானே விழுகிறது,
பாதிப் பாதி.
போன வருஷப் பாக்கியே நிற்கிறது.
இதற்கெல்லாம் பணம் போடுவது யார் என்று
ஒருவரை ஒருவர் கேட்டார்கள்.

என்னைக் கேட்டிருக்கலாம்.
பழைய பஸ் ஸ்டாண்டு எதிரே மாடியில்
முனிரத்தினம் எச்சில் தொட்டு எண்ணி வாங்கியது
ஒரு லட்சத்து நாற்பதாயிரம்.
காட்பாடி அடகுக் கடையில் சுகிர்தாவின் சங்கிலி
மூன்றரைப் பவுன்.
மீதி குடியாத்தத்தில், நூற்றுக்கு மூணு வட்டி.
அதில் விசா, அதில் விமானம்,
போய் இறங்கிக் கம்பி கட்டினேன்,
கம்பிமேல் கான்கிரீட்,
கான்கிரீட்மேல் அது.
கணக்கென்று பார்த்தால்
முதல் தவணை என்னுடையது.

கழுத்தில் கட்டிய கையோடு
அகழியோரம் கொஞ்சம் நின்றுவிட்டுப் போகிறேன் இப்போதெல்லாம்.
கோட்டைக் கல்லில் ஒரு குறை சொல்ல முடியாது.
காவலுக்கென்று அடுத்தவன் பட்டாளத்தை வைத்து,
சம்பளம் கொடுத்தே கடனாளியான நவாபு
ஆண்ட சீமைதான் இது.
அவர் வட்டிக்கு ஊர் ஊராக எழுதிவைத்தார்.
எனக்கு எழுதிவைக்க
ஒரு வரப்பும் இல்லை.

அன்றைக்குச் சைரன் ஊதியபோது மணி இரண்டு.
பதுங்குகுழி இருந்தது, நாங்கள் கட்டியதுதான்.
உள்ளே போக நீல அட்டை வேண்டும்,
எங்களுடையது மஞ்சள்.
வெளியே நின்று பார்த்தேன்.
நாலாம் மேடையிலிருந்து கிளம்பியது.
பொய் சொல்லக் கூடாது,
ஒரு நிமிஷம் பெருமையாகத்தான் இருந்தது.
அத்தனை உதைப்புக்கும் மேடை அசையவில்லை,
என் முடிச்சு ஒன்றுகூட.

வெற்றிகரமாகத் தடுக்கப்பட்டது,
சேதம் ஏதுமில்லை என்றது செய்தி.
டில் பகதூருக்கு அன்று காய்ச்சல்.
அறையிலேயே படுத்திருந்தான்,
தகரத்துக்கு நேர் கீழே.

எடுத்த துண்டைச் சின்ன டப்பாவில் போட்டு
கையில் கொடுத்தாள் நர்ஸ்.
தோட்டப்பாளையம் காயலான் கடையில்
காந்தம் வைத்துப் பார்த்தான் பையன்.
ஒட்டவில்லை.
இரும்பு இல்லண்ணே, எந்த ஊரு சரக்கு?
தராசில் போட்டான்.
முள் இருந்த இடத்திலேயே இருந்தது.

நேற்று முனிரத்தினம் போன் செய்தான்.
வேறு நாடு, அதே கம்பெனி, அதே வேலை.
தெரிந்தவன் என்பதால்
கமிஷனில் இருபது குறைப்பானாம்.
யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.
கையை எப்போது தலைக்குமேல் தூக்கலாம் என்று
டாக்டரைக் கேட்டிருக்கிறேன்.